முருங்கைக்குப் பட்டா உண்டா?

எங்கள் ஆயா நட்ட முருங்கையை மூன்று தடவை வெட்டியிருக்கிறார்கள்.

முதல் தடவை வெட்டியது மிராசு வீட்டு ஆள். "குடியிருக்கத்தானே எடம் குட்தாங்க? மரம் வெச்சி பாத்தியத கொண்டாடுறியா?" என்று கேட்டுக்கொண்டே வெட்டினானாம். ஆயாவுக்கு அப்போது கல்யாணமாகி இரண்டு வருஷம். இரண்டாவது தடவை, ரோடு அகலம் பண்ண வந்த பொக்லைன். மூன்றாவது தடவை வெட்டியவன் நான். வங்கியில் குமாஸ்தா வேலை கிடைத்து, கடனில் பைக் வாங்கியிருந்தேன். நிறுத்த இடமில்லை. கம்பளிப்பூச்சி வருது என்று ஒரு காரணமும் சொல்லிக்கொண்டேன். ஆயா ஒன்றும் பேசவில்லை. வெட்டிப் போட்டதில் கை நீளத்துக்கு ஒரு போத்தை எடுத்து, நுனியில் சாணி உருண்டை வைத்து, குளியல் தண்ணி ஓடுகிற இடத்தில் நட்டுவிட்டுத் திண்ணையில் போய் குந்திக்கொண்டது.

நம் இயக்கம் நிலத்தைப் பற்றி நிறையப் பேசியிருக்கிறது. பஞ்சமி நிலத்துக்காக உயிரே கொடுத்திருக்கிறது. ஆனால் வீட்டை ஒட்டி இருக்கிற கொல்லையைப் பற்றி, அதில் மேய்கிற கோழியையும் கட்டியிருக்கிற ஆட்டையும் பற்றி நாம் பேசியதில்லை. பொம்பளைங்க சமாச்சாரம் என்று விட்டுவிட்டோம். விட்டது தப்பு என்பது என் கருத்து.

தோட்டம், கோழி என்றதும் வாரப் பத்திரிகைகளின் இணைப்புப் பக்கங்கள் சிலருக்கு ஞாபகம் வரலாம். மொட்டைமாடித் தொட்டி, தென்னைநார்க் கழிவு, ஓய்வுபெற்ற அதிகாரி சிரித்தபடி கத்தரிக்காயைப் பிடித்திருக்கிற போட்டோ. அவருக்கு அது பொழுதுபோக்கு. நமக்குக் கொல்லை என்பது ஆண்டை வீட்டு வாசலில் போய் நிற்காமல் இருப்பதற்கான வழி. இந்த இரண்டையும் ஒரே சொல்லால் குறிப்பதே மோசடி.

*

மனுவின் பத்தாம் அத்தியாயம் சண்டாளர்களுக்கு வீடு ஊருக்கு வெளியே என்றும், சொத்து நாயும் கழுதையும் என்றும் விதிக்கிறது. எந்த மிருகம் உன்னோடு இருக்கலாம் என்பதைக்கூட அவன் தீர்மானித்தான். பால் தருவது, ஏர் உழுவது, சந்தையில் காசாகிறது எதுவும் நமக்கில்லை. இதைச் சமயம் என்று சொல்கிறார்கள். கணக்கு எழுதிப் பிழைக்கிற எனக்கு இது சொத்துச் சட்டமாகத்தான் தெரிகிறது.

செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் 1891-இல் எழுதிய அறிக்கையைப் பஞ்சமி நிலத்தின் தொடக்கம் என்று மேடைகளில் சொல்கிறோம். அன்றைய செங்கல்பட்டு ஜில்லாவில் இன்றைய ஸ்ரீபெரும்புதூரும் ஒரகடமும் அடக்கம். அந்த அறிக்கை எங்கள் பாட்டன் பூட்டனைப் பற்றியது. அதில் வயலைப் பற்றி மட்டும் பேச்சில்லை, குடியிருக்கிற மனையைப் பற்றியும் இருக்கிறது. சேரி மனை மிராசுதார் கையில். கூலி கூடக் கேட்டால், வேறு பண்ணைக்குப் போனால், முதலில் பறிபோவது குடிசை. வேதக்காரர் கோயிலுக்குப் போனாலும் அதே கதிதான். 1892 செப்டம்பர் 30-இல் 1010-ஆம் எண் அரசாணை வந்தது. நிலம் கொடுக்கச் சொன்னார்கள். 12 லட்சம் ஏக்கர் என்று இயக்கங்கள் சொல்கின்றன. அதில் எவ்வளவு நம் கையில் நின்றது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதை மீட்கத்தான் காரணையில் போராட்டம். 1994 அக்டோபர் 10-இல் செங்கல்பட்டில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் செத்தார்கள்.

குடியிருக்கும் மனையின் கதை இன்னும் மெதுவாக நகர்ந்தது. அடுத்தவன் மண்ணில் குடிசை போட்டிருந்த விவசாயத் தொழிலாளிக்கு அந்த மனையைச் சொந்தமாக்கும் குடியிருப்புச் சட்டம் தமிழ்நாட்டில் 1971-இல்தான் வந்தது. அறிக்கைக்கும் சட்டத்துக்கும் நடுவே 80 வருஷம்.

அந்த எண்பது வருஷமும் சேரியில் என்ன பயிராச்சு? ஆயா சொல்லும்: "சொரக்கா தாண்டா. கூரை மேல ஏத்தி வுட்டுடுவோம். கீழ மண்ணு அவங்குளுது, மேல கீத்து நம்புளுது." மரம் வருஷக்கணக்காக நிற்கும், பாத்தியதை கேட்கும். சுரைக்கொடி ஒரு பருவத்தோடு காய்ந்து போகும், எந்த மிராசுதாருக்கும் அதனால் தொந்தரவில்லை. கூரை மேல் சுரை படர்ந்ததை அழகு என்று நானே ஒரு கவிதையில் எழுதியிருக்கிறேன். எழுதும்போது ஆயாவைக் கேட்டிருக்க வேண்டும்.

மிருகத்திலும் இதே கதைதான். ஆண்டை வீட்டுக் கிடேரிக் கன்றை வாரத்துக்குப் பிடித்து வருவார்கள். புல் அறுத்து, தண்ணி காட்டி, உண்ணி பிடுங்கி மூன்று வருஷம் வளர்த்தால், கன்று போட்டதும் விலை பேசிப் பாதி. விலையைப் பேசுவதும் ஆண்டைதான். சொந்தமாக ஆடு வைத்திருந்தால் வேறு வம்பு. 1871-ஆம் ஆண்டுக் கால்நடை அத்துமீறல் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. பயிரில் வாய் வைத்த ஆட்டைப் பட்டியில் அடைத்து அபராதம் வாங்கலாம். ஊர்க்காரன் மாடு சேரிக் கீரைப்பாத்தியை மிதித்ததற்கு யாராவது பட்டியில் அடைத்ததாக எங்கள் காலனியில் ஒருவருக்கும் ஞாபகமில்லை.

*

இப்போது எங்கள் கொல்லை. வீட்டு மனை மொத்தம் 3 சென்ட், 1,300 சதுர அடி. வீடு போக மிச்சம் பாதிக்குக் கொஞ்சம் மேல். அதில் என்ன இருக்கிறது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை எழுதிப் பார்த்தேன். ஆயாவின் நாலாவது முருங்கை. பப்பாளி இரண்டு. கறிவேப்பிலை. கழுவுத் தண்ணியில் ஒரு வாழை. ஆடியில் போட்ட அவரைப் பந்தல். அதன் நிழலில் இரண்டு வெள்ளாடு. கோழி பெரிசும் சிறிசுமாகப் பதினொன்று. அதில் ஒன்று பழைய கூடையில் அடையில் இருக்கிறது. 21-ஆம் நாள் குஞ்சு பொரிக்கும் என்று அம்மா சுவரில் கரிக்கோடு போட்டு வைத்திருக்கிறது. பருந்து வந்தால் குரைக்க ஒரு நாய்.

அம்மா காலையில் கொல்லையில் இறங்கி ஏறினால் குழம்புக்கு ஆகிவிடும். கடைக்குப் போவது உப்பு, புளி, எண்ணெய்க்குத்தான். ஆடு ஐந்து மாசம் சினை. ரெண்டாவது ஈத்திலிருந்து பெரும்பாலும் இரட்டைக் குட்டி. நான் பி.காம். படித்த மூன்று வருஷத்துக்கு ஏழு கிடா விற்றார்கள். என் பட்டச் சான்றிதழில் பல்கலைக்கழக முத்திரை இருக்கிறது. அந்த ஏழு கிடாவுக்கு அதில் இடமில்லை.

வங்கிக்காரனாகச் சொல்கிறேன். சேமிப்புக் கணக்கில் குறைந்தபட்ச இருப்பு இல்லையென்றால் பிடித்தம் செய்கிற வங்கிகள் இருக்கின்றன. ஆடு அப்படிச் செய்வதில்லை. ராத்திரி பத்து மணிக்குப் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் வங்கி திறந்திருக்காது. விடிகாலையில் கோழியைக் காலைக் கட்டிக்கொண்டு போனால் காசு. அது வெள்ளைக் கழிச்சல் வந்தால் ஒரே வாரத்தில் திவாலாகிற வங்கிதான், ஒத்துக்கொள்கிறேன். அதற்குத் தடுப்பூசி இருக்கிறது. அது காலனிக்கு ஒழுங்காக வருகிறதா என்று கேட்கிற இயக்கம்தான் இல்லை.

2024 செப்டம்பர் 9 முதல் 37 நாள் சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் தொழிலாளர்கள் சங்க அங்கீகாரத்துக்காக வேலைநிறுத்தம் செய்தார்கள். பந்தலில் கொடி இருந்தது, பேச்சு இருந்தது, கைது இருந்தது. எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் அந்த 37 நாளும் அடுப்பு எரிந்தது எப்படி? பையனின் அம்மா இரண்டு ஆட்டை விற்றது. அந்த அம்மா எந்த மேடையிலும் ஏறவில்லை. வேலைநிறுத்த நிதி என்று நாம் உண்டியல் குலுக்குகிறோம். அந்த அம்மா பல வருஷமாக அந்த நிதியைப் புழுக்கை வாரிச் சேர்த்து வைத்திருந்தது. 2014 நவம்பரில் ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை நின்றபோதும் வீட்டுக்குத் திரும்பி வந்த பெண்களில் கொல்லை இருந்தவளுக்கு நாலு மாசம் மூச்சு விட முடிந்தது. வாடகை வீட்டுக்காரி வட்டிக்கு வாங்கினாள்.

*

சிப்காட் வந்தது தப்பா? அப்படி நான் சொல்லவில்லை. எங்கள் காலனிப் பெண்கள் சம்பளக் கவரைக் கையில் வாங்கியது அதனால்தான். ஆண்டையைக் கண்டால் துண்டை இடுப்பில் கட்டுவது ஒழிந்ததில் தொழிற்சாலைச் சைரனுக்கும் பங்குண்டு.

ஆனால் கையகப்படுத்துகிற அதிகாரி எதை எண்ணுகிறார் என்று பாருங்கள். தமிழ்நாட்டுக்கென்று 1997-ஆம் ஆண்டின் தொழில் நோக்கங்களுக்கான நிலம் கையகப்படுத்தும் சட்டம் இருக்கிறது. பட்டாதாருக்கு ஏக்கர் கணக்கில் பணம். பட்டாதார் யார்? ஊர்க்காரர். நம் ஆடு மேய்ந்தது மேய்க்கால் புறம்போக்கில், ஏரிக் கரையில், அறுவடை முடிந்த அடுத்தவர் கழனியில். இதெல்லாம் யார் பெயரிலும் இல்லாததால் யாருக்கும் நட்டமில்லை என்று கோப்பு முடிகிறது. 2013-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் இரண்டாம் அட்டவணையில் ஒரு வரி சேர்த்தது: பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கு மாடு இருந்தால் கொட்டகைச் செலவுக்குக் குறைந்தது 25,000 ரூபாய். கொட்டகையைக் கண்டவர்கள் மேய்ச்சலைக் காணவில்லை. மாடு கொட்டகையையா தின்னும்?

2011-இல் ஏழைப் பெண்களுக்கு நாலு ஆடு இலவசம் என்று அரசு கொடுத்தது. நல்ல திட்டம். எங்கள் பக்கத்தில் அந்த ஆட்டை ஓட்டிக்கொண்டு போனால் நாலு திசையிலும் காம்பவுண்டுச் சுவர். சுவருக்குள் புல் பச்சையாக இருக்கிறது, அதற்குத் தண்ணி விட ஆள் இருக்கிறது. ஆடு உள்ளே எட்டிப் பார்த்தால் செக்யூரிட்டி விசில் அடிக்கிறான். அவனும் நம் பையன்தான். பழைய பட்டிக்குப் புது யூனிபாரம்.

பரந்தூர் விமான நிலையத்துக்கு 2022-இல் அறிவிப்பு வந்தது முதல் ஏகனாபுரம் மக்கள் ஆயிரம் நாளைத் தாண்டிப் போராடினார்கள். ஏரியும் நஞ்சையும் அங்கே பேசுபொருளாயின, ஆகவேண்டியதுதான். அந்த ஏரிக் கரையில் ஆடு மேய்க்கிற, சென்ட் நிலமில்லாத கூலிக்காரியின் கணக்கை யார் எழுதுவது? நாம் எழுதாவிட்டால் ஒருவரும் எழுத மாட்டார்கள்.

வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்குகிற விடுதியைத் திறந்தார்கள். அதுவும் தேவைதான். 2021 டிசம்பரில் ஃபாக்ஸ்கான் பெண்கள் தங்கியிருந்த விடுதி ஒன்றில் சாப்பாடு நஞ்சாகி 150-க்கும் மேற்பட்டவர்கள் ஆஸ்பத்திரியில் கிடந்ததையும், அந்தப் பெண்கள் ராத்திரியில் நெடுஞ்சாலையை மறித்ததையும் மறந்துவிடக் கூடாது. முருங்கைக்கீரையைப் பறித்த கையோடு வதக்கித் தின்று வளர்ந்த பெண்கள் பலர் அதில் இருந்திருப்பார்கள். ஒப்பந்தக்காரன் போடுகிற சோற்றுக்குத் தட்டு நீட்டுகிற இடத்துக்கு அவர்களைக் கொண்டு வந்தது எது என்று யோசிக்க வேண்டும்.

*

எங்கள் கிளைக்கு ஒரு பெரியம்மா வந்தது. ஆட்டுக் கடன் வேண்டும், ஐம்பதாயிரம். மேனேஜர் பட்டா கேட்டார். பெரியம்மாவிடம் ரேஷன் கார்டும் கரண்டு பில்லும் இருந்தன. விவசாயக் கடனில் 2 லட்சம் வரை அடமானம் கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. 2025 ஜனவரி முதல் அந்த வரம்பு. ஆடு மாடு வளர்ப்பும் அதில் சேரும். எனக்கு அது தெரியும். சுற்றறிக்கையை நான்தான் கோப்பில் வைத்தேன். ஆனாலும் கவுண்டரில் குந்திக்கொண்டு, "பட்டா எட்தாந்தாதாம்மா ஆவும்" என்று நானும் சொன்னேன். மேனேஜருக்கு எதிரே விதி பேச எனக்குத் தைரியம் வரவில்லை. அது என் மூஞ்சியைப் பார்த்து, "நீ இன்னார் பேரன் தானே கண்ணு?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டது. அந்தக் கேள்விதான் இதை எழுத வைத்தது.

கடன் கிடைத்து மாடு வாங்கினவர் கதையும் சுகமில்லை. காதில் வில்லை போட்டு இன்சூரன்ஸ் எடுப்பார்கள். மாடு வேலியில் உரசி வில்லை விழுந்துவிட்டால், செத்த மாட்டுக்குப் பணமில்லை. செத்தது உன் மாடுதான் என்று நீ நிரூபிக்க வேண்டும். மனை உன்னுடையது, ஆடு உன்னுடையது, செத்த மாடு உன்னுடையது என்று தலைமுறை தலைமுறையாக நிரூபித்துக்கொண்டே இருக்கிறோம்.

*

இதைப் படித்துக் காட்டியபோது ஒரு மாணவத் தோழர் கோபப்பட்டார். "அண்ணே, ஆடு மேய்க்கவா அம்பேத்கர் நம்மள படிக்கச் சொன்னாரு? கிராமத்த உட்டு வெளிய வான்னாரு. நீங்க திரும்ப அங்கேயே தள்றீங்க."

நியாயமான கோபம். 1948 நவம்பர் 4-இல் அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் இந்தியக் கிராமத்தைக் கிழித்துப் போட்டார். நானும் அதைத்தான் நம்புகிறேன். கிராமத்தின் அழகைப் பாடுகிறவன் யாரென்று பார்த்தால், பெரும்பாலும் அவனுக்கு அங்கே பம்புசெட்டும் பட்டாவும் இருக்கும். தம்பி, நீ ஆடு மேய்க்க வேண்டாம். படி, வெளியே போ. ஆனால் உன் அம்மாவின் காலடியில் இருக்கிற மூன்று சென்ட் மண் உறுதியாக இருந்தால்தான் நீ வெளியே போய் நிமிர்ந்து நிற்க முடியும். ஆலைக்காரன் அனுப்பினாலும், கல்லூரிக்காரன் விரட்டினாலும் திரும்பி வர ஒரு கொல்லை வேண்டும். இல்லாதவன் எந்தச் சம்பளத்துக்கும் தலையாட்டுவான். கிராமத்தை விட்டு வெளியேறுகிற உரிமையும் மண்ணில் மரம் வைக்கிற உரிமையும் ஒன்றுக்கொன்று பகை இல்லை.

நம் கூச்சத்தையும் பேசிவிட வேண்டும். படித்து வேலைக்குப் போன எனக்குக் கோழிப் பீ நாற்றம் அடித்தது. அதே நாட்டுக்கோழி முட்டையை அடுக்குமாடிக் குடியிருப்புக்காரர் கூடுதல் விலை கொடுத்து வாங்கும்போது அது ஆரோக்கியமாகிவிடுகிறது. சேரியில் அழுக்கு, பிளாட்டில் இயற்கை. இந்தப் பார்வையை நாமும் விழுங்கியிருக்கிறோம். பன்றி வளர்க்கிற வீடுகளை நம் காலனிக்காரர்களே ஓரத்துக்குத் தள்ளவில்லையா? ஊர் நம்மிடம் செய்ததை நாம் அவர்களிடம் செய்கிறோம். 2023-இல் 'மாமன்னன்' படத்தில் நாயகன் பன்றி வளர்த்தபோது கைதட்டினோம். தெருவுக்கு வந்து மூக்கைப் பொத்தினால் அந்தக் கைதட்டல் பொய்.

*

நாம் கேட்க வேண்டியவை இவை. மனைப் பட்டா என்றால் சுவர் எழுப்பும் அளவு மட்டும் போதாது, கொல்லையோடு சேர்த்து 5 சென்டாவது வேண்டும், பெண் பெயரில். நிலம் எடுக்கும் முன் ஆடு, மாடு, கோழி, மரம் எண்ணப்பட வேண்டும். மேய்க்கால் எடுத்தால் வேறு மேய்க்கால் கொடுக்க வேண்டும். அடமானமில்லாக் கடன் விதியை ஒவ்வொரு வங்கிக் கிளை வாசலிலும் தமிழில் எழுதி ஒட்ட வேண்டும். பஞ்சமி நில மீட்பில் சேரி நத்தமும் சேர வேண்டும்.

கோரிக்கை எழுதுவது சுலபம். கணக்கு எடுப்பதுதான் கஷ்டம். மாணவத் தோழர்கள் இந்த ஆடியில் ஆளுக்கொரு காலனியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நோட்டு போதும். வீட்டுக்கு எத்தனை ஆடு, எத்தனை கோழி, என்ன மரம், யார் நட்டது, எத்தனை தடவை வெட்டினார்கள், பட்டா யார் பெயரில். வீட்டு ஆயாவைக் கேளுங்கள், ஆம்பளையைக் கேட்காதீர்கள், அவருக்குத் தெரியாது.

அந்தப் பெரியம்மாவின் வீட்டுக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை சுற்றறிக்கை நகலோடு போகிறேன். மனுவை நானே எழுதிக் கொடுப்பேன். திங்கட்கிழமை மேனேஜர் கேட்டால் என்ன சொல்வது என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். பைக்கை இப்போது தெருவில்தான் நிறுத்துகிறேன்.